லூச்சேரா வரை வாசிக்க வேண்டிய வரலாறு

அல்-இத்ரீஸி கி.பி. 1154இல் எழுதி முடித்த புவியியல் நூலில் ஸரன்தீப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அத்தீவின் மன்னனுக்குப் பதினாறு அமைச்சர்கள் இருந்தார்களாம். நால்வர் மன்னனின் சொந்த மதத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத வந்தவர்களில் இந்தப் பதினாறு பேரை விட்டுவிட்டுப் போனவர்கள் குறைவு. ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் நானும் மீலாத் மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். சபையும் சந்தோஷப்படும், நமக்கும் சந்தோஷம்.

இத்ரீஸி நம் தீவைக் கண்ணால் கண்டு எழுதியவரல்லர். முந்திய நூல்களையும், வணிகர்களும் கடலோடிகளும் சொன்ன தகவல்களையும் சேர்த்து அவர் இதனை எழுதினார். எழுதிய இடம் இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் பலெர்மோ நகரம். எழுதுவித்தவன் ஒரு கிறிஸ்தவ மன்னன். அதாவது, அந்நிய மன்னன் ஒருவன் முஸ்லிம்களுக்குக் கொடுத்த மதிப்பைப் பற்றி எழுதியவர், தானும் அப்படியொரு மன்னனின் மதிப்பில் வாழ்ந்த முஸ்லிம். இத்தனை காலமும் இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. பலெர்மோவில் தொழில் செய்யும் என் ராத்தாவின் மகன், "மாமா, காலில பலமிருக்கக்குள்ளயே ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லிச் சொல்லி, சென்ற வருடம் ஒருவாறு போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசித்தேன்.

சிசிலி முஸ்லிம்களைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இத்ரீஸியோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த மக்களுக்கு இன்னும் 146 ஆண்டுகள் இருந்தன. அந்த 146 ஆண்டுகளையும் சேர்த்து வாசித்தால் கதை வேறாகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

கரையிறங்கியவர்கள்

827ஆம் ஆண்டு, இன்றைய துனீசியாவை ஆண்ட அக்லபிகளின் படை சிசிலியின் தென்மேற்குக் கரையில் மஸாரா என்ற இடத்தில் இறங்கியது. படைக்குத் தலைமை தாங்கியவர் கைரவான் நகரின் காழி அஸத் இப்னுல் புராத். இமாம் மாலிக் அவர்களிடம் பாடம் கேட்ட சட்டமேதை அவர். அடுத்த வருடமே சிரக்கூஸா முற்றுகையின்போது மௌத்தாகிவிட்டார். 831இல் பலெர்மோவும், 878இல் சிரக்கூஸாவும், 902இல் தாவோர்மினாவும் வீழ்ந்தன. 973இல் பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், அங்கே முந்நூறுக்கும் அதிகமான பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதுகிறார். அதே கையோடு அந்த ஊர் மத்ரஸா ஆசிரியர்களைக் கேலியும் செய்கிறார். அவர் புகழ மட்டும் வந்தவரல்லர், ஆகவே அவரது எழுத்தை ஓரளவு நம்பலாம்.

எலுமிச்சை, தோடை, கரும்பு, பருத்தி என்பவற்றையும், அவற்றுக்கு நீர் பாய்ச்சும் முறையையும் அந்தத் தீவில் பரப்பியவர்கள் அவர்கள். அந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டங்களின் நீர்த்தொட்டிக்குச் சிசிலி விவசாயி சொல்லும் பெயர் ஜெப்பியா. அது அறபியின் ஜாபியா. வாய்க்காலுக்கு ஸாயா, அது ஸாக்கியா. தோடம் பூவுக்கு ஸாகரா, அது ஸஹ்ர். கல்தானிஸெத்தா, கல்தஜிரோனே என்று "கல்த" எனத் தொடங்கும் ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் கல்அத், அதாவது கோட்டை. பலெர்மோவின் நடுத்தெருவை இன்றும் பழைய ஆட்கள் கஸ்ஸாரோ என்கிறார்கள். அது அல்-கஸ்ர்.

மஸாராவுக்கும் போனோம். அங்கே பழைய நகரத்தின் ஒரு பகுதிக்குக் கஸ்பா என்று பெயர். அங்கு இப்போது வசிக்கும் முஸ்லிம்கள் அஸதின் படையோடு வந்தவர்களின் வாரிசுகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1960களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் வேலை செய்ய வந்த துனீசியர்கள் அவர்கள். முந்தியவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் பல நூறு வருட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிதான் நம்முடைய விடயம்.

மன்னன் ரொஜரின் அரண்மனை

பிரான்சின் வட பகுதியிலிருந்து வந்த நோர்மன்கள் 1061இல் மெஸ்ஸினாவையும், 1072 ஜனவரியில் பலெர்மோவையும், 1091இல் கடைசிக் கோட்டையான நோத்தோவையும் பிடித்தார்கள். அவர்கள் தொகையில் கொஞ்சப் பேர். நிலத்தை அளக்க, வரி எழுத, நாணயம் அடிக்க, படையில் நிற்க அவர்களுக்கு முஸ்லிம்கள் தேவைப்பட்டார்கள். திவான் அலுவலகத்தில் அறபு எழுத்து தொடர்ந்தது.

1130இல் முடிசூடிய இரண்டாம் ரொஜர் அந்த அரண்மனையில் கட்டிய தொழுகைக்கூடம் கப்பெல்லா பலத்தீனா. சுவர் முழுக்கத் தங்க மொசேக்கில் கிறிஸ்தவச் சித்திரங்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தால் ஆள் திகைத்துப்போவார். தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய முகர்னஸ் மரவேலை, இடையிடையே கூபி எழுத்தில் மன்னனுக்கான வாழ்த்துச் சொற்கள். அரண்மனையிலே மன்னன் வைத்த நீர்க்கடிகாரத்துக்கான கல்வெட்டு லத்தீன், கிரேக்கம், அறபு என்ற மூன்று மொழிகளில் இருக்கிறது. ஆண்டு 1142. ரொஜரின் செம்பட்டுப் போர்வையின் ஓரத்தில், ஹிஜ்ரி 528இல் பலெர்மோவின் அரச நெசவுக்கூடத்தில் செய்யப்பட்டது என்று அறபியில் தையல் எழுத்து ஓடுகிறது. ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கத்தின் உருவம் அதிலே இருக்கிறது. பிற்காலத்து ஜேர்மன் பேரரசர்கள் அதை அணிந்து முடிசூடினார்கள். இப்போது வியன்னாவில் இருக்கிறது.

இந்த மன்னனுக்காகத்தான் இத்ரீஸி வேலை செய்தார். வெள்ளித் தகடு ஒன்றில் உலகப் படத்தை வரைவித்தார். அதற்கு விளக்கமாக எழுதியதுதான் அந்த நூல். ஹிஜ்ரி 548 ஷவ்வால் மாதம், கிறிஸ்தவக் கணக்கில் 1154 ஜனவரி, வேலை முடிந்தது. நம் கட்டுரைகளும் இந்த இடத்தில்தான் முடிகின்றன.

அதே வருடத்து றமழான்

ஷவ்வாலுக்கு முந்திய மாதம் றமழான். அந்த றமழானில் அதே நகரத்தில், அதே மன்னனின் கட்டளைப்படி ஒரு மனிதர் எரித்துக் கொல்லப்பட்டார். மஹ்தியாவின் பிலிப் என்று அவரைச் சொல்வார்கள். அரண்மனையில் வளர்ந்தவர், மன்னனின் கடற்படைத் தளபதி. வட ஆபிரிக்காவின் பூனா நகரத்தைப் பிடித்துக்கொண்டு வெற்றியோடு திரும்பி வந்தவர். வெளியில் கிறிஸ்தவர், உள்ளத்தில் முஸ்லிம் என்பது அவர் மேல் வந்த குற்றச்சாட்டு. வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர், பூனாவின் உலமாக்களையும் நல்லவர்களையும் குடும்பத்தோடு வெளியேற அவர் விட்டுக்கொடுத்ததே காரணம் என்கிறார். பாதிரிமாரையும் பிரபுக்களையும் கூட்டித் தீர்ப்புச் சொல்லப்பட்டது.

இத்ரீஸி தன் நூலின் கடைசிப் பகுதிகளைத் திருத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மதிப்பும் நெருப்பும் ஒரே கையிலிருந்துதான் வந்தன என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

ரொஜர் 1154இலேயே இறந்தான். மகன் முதலாம் வில்லியமின் காலத்தில், 1161இல், பிரபுக்கள் கலகம் செய்து அரண்மனைக்குள் புகுந்தார்கள். கோபம் மன்னன் மேல். கொலையுண்டவர்களிலோ அரண்மனை ஊழியரும், திவானில் எழுதிக்கொண்டிருந்தவரும், கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவருமான முஸ்லிம்கள் பலர். பலெர்மோ முஸ்லிம்கள் தம்மிடமிருந்த ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதற்கு முந்திய வருடம்தான் அரசாங்கம் கட்டளையிட்டிருந்தது. மன்னன் காப்பான் என்று கொடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மன்னனே கைதியாக இருந்தான். இத்ரீஸியின் வெள்ளித் தகடும் அந்தக் கலவரத்தில் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது.

கப்பலுடைந்து வந்த ஹாஜி

அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், 1184 டிசம்பரில், மெஸ்ஸினாவுக்கு அருகில் கப்பல் உடைந்தது. அப்போது மன்னன் இரண்டாம் வில்லியம். கரைக்கு ஏற்றக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்கு அவனே காசு கொடுத்தான். அறபு எழுத வாசிக்கத் தெரிந்தவன். இப்னு ஜுபைர் அவனை மனம் திறந்து பாராட்டுகிறார். பலெர்மோவில் பள்ளிகள், பாங்கு, காழி, கடைத்தெரு எல்லாம் இருப்பதைக் காண்கிறார். நத்தார் தினத்தில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்துப் போவதைக் கண்டு வியக்கிறார்.

ஆனால் அவர் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர். ஜும்ஆ இல்லை, குத்பா தடை, பெருநாளில் மட்டும்தான் அனுமதி என்று குறிக்கிறார். மெஸ்ஸினாவில் மன்னனின் உயர் ஊழியர் ஒருவர் அவரை இரகசியமாகச் சந்தித்து, நீங்கள் உங்கள் ஈமானை வெளியில் சொல்லலாம், எங்களால் முடியாது என்ற கருத்தில் கண் கலங்குகிறார். சிசிலி முஸ்லிம்களின் தலைவர் இப்னு ஹம்மூத், சொத்தெல்லாம் பறிபோன நிலையில், நானும் என் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டாலாவது முஸ்லிம் நாடொன்றில் போய்ச் சேரலாமே என்று ஏங்குகிறார். திராப்பானி துறைமுகத்தில் ஒரு கண்ணியமான மனிதர், ஹாஜிகளில் யாராவது தன் மகளைப் பொறுப்பேற்று இந்தத் தீவிலிருந்து கூட்டிப் போகும்படி கேட்கிறார். மகளுக்கும் சம்மதம். ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். பெற்ற வாப்பா, இனி ஒருபோதும் காண மாட்டோம் என்று தெரிந்துகொண்டே பிள்ளையைக் கப்பலேற்ற நினைத்தார் என்றால் அந்தச் சமூகம் எதைக் கண்டு பயந்திருக்கும்?

பலெர்மோவில் ஒரு வெள்ளிக்கிழமை சிறிய பள்ளியொன்றில் மருமகனோடு தொழுதேன். வங்காளிகள், துனீசியர்கள், செனகல்காரர்கள். குத்பா அறபியிலும் இத்தாலியிலும். இத்தாலியின் 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை எவரும் தம் மதத்தைப் பகிரங்கமாகப் பின்பற்றலாம் என்கிறது. இப்னு ஜுபைருக்குக் கிடைக்காத ஜும்ஆ எனக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்தது எந்த மன்னனின் நல்ல மனதுமல்ல.

பலெர்மோவுக்கு மேலே மலையில் இருக்கும் மொன்றியாலே ஆலயத்தைப் பார்க்காமல் வருபவர்கள் இல்லை. அந்தத் தங்கச் சுவர்களின் முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாது. அதைக் கட்டியவனும் நம்முடைய நல்ல மன்னன் இரண்டாம் வில்லியம்தான். அதோடு, மேற்குச் சிசிலியின் பெரும் நிலப்பரப்பை அதன் மடத்துக்கு எழுதிக் கொடுத்தான். அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் முஸ்லிம் விவசாயிகள். நிலத்தோடு அவர்களும் மடத்துக்குச் சொந்தமானார்கள். 1178, 1183ஆம் ஆண்டுகளின் தோற்சுவடிகளில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக அறபியிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. அஹ்மத், அலி, உஸ்மான் என்று நம் வீட்டுப் பெயர்கள். பாராட்டப்பட்ட மன்னனின் காலத்திலேயே அவர்கள் கொடுக்கல் வாங்கலுக்குரிய பொருளாகிவிட்டார்கள்.

பிரெடெரிக்கும் லூச்சேராவும்

1189இல் வில்லியம் பிள்ளையில்லாமல் இறந்தான். பலெர்மோ முஸ்லிம்கள் மீண்டும் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஏறினார்கள். அங்கே கோட்டைகளில் இருந்துகொண்டு பல வருடம் தாக்குப்பிடித்தார்கள். முஹம்மத் இப்னு அப்பாத் என்ற தலைவரின் பெயரில் நாணயமும் அடித்தார்கள்.

அவர்களை அடக்கியவன் இரண்டாம் பிரெடெரிக். பலெர்மோவில் வளர்ந்தவன், அறபு தெரிந்தவன், முஸ்லிம் அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்தவன். 1229இல் சுல்தான் அல்-காமிலோடு உடன்படிக்கை செய்து போரில்லாமல் ஜெரூஸலத்தைப் பெற்றவன். நம் எழுத்தாளர்கள் இவனையும் மெச்சி எழுதியிருக்கிறார்கள். அதே பிரெடெரிக் 1220களில் தொடங்கி 1246 வரை சிசிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து, கடலுக்கப்பால் இத்தாலியப் பெருநிலத்தின் பூலியா மாகாணத்தில் லூச்சேரா என்ற ஊரில் குடியேற்றினான். பதினையாயிரம் முதல் இருபதாயிரம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வாழ்ந்த தீவு இவ்வாறு அவர்களிடமிருந்து வெறுமையாக்கப்பட்டது.

லூச்சேராவில் பள்ளி இருந்தது, காழி இருந்தார். விவசாயம், மட்பாண்டம், ஆயுதத் தொழில் நடந்தன. அவர்களின் வில்லாளர்கள் பிரெடெரிக்கின் நம்பிக்கையான படை. சுற்றிவரக் கிறிஸ்தவ ஊர்கள். மன்னனைத் தவிர அவர்களுக்கு வேறு போக்கிடமில்லை. அதனால்தான் அவர்கள் மன்னனுக்கு அவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள். 1266இல் பெனவெந்தோ போரில் பிரெடெரிக்கின் மகன் மன்பிரெட்டுக்காக உயிர் கொடுத்தார்கள். வென்ற அஞ்சு வம்சத்து சார்ல்ஸ், எதிர்த்து நின்ற லூச்சேராவை 1269இல் பணிய வைத்தான். அதற்குப் பிறகும் முப்பது வருடம் வரி கட்டினார்கள், புதிய மன்னர்களின் படையிலும் நின்றார்கள். 1300 ஆகஸ்டில் அவனது மகன் இரண்டாம் சார்ல்ஸ், கடனில் மூழ்கியிருந்த நேரத்தில், அந்த ஊரைக் கலைக்கக் கட்டளையிட்டான். பள்ளிவாசல் அழிந்தது. தானியமும் கால்நடையும் அரச கணக்கில் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான ஆண், பெண், பிள்ளைகள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இப்னு ஹம்மூத் வாய்விட்டுக் கேட்ட விற்பனை நடந்தது. ஆனால் அவர் ஆசைப்பட்டது போல முஸ்லிம் நாட்டுக்கல்ல.

பலெர்மோவில் இரவு கப்பலேறிக் காலையில் நாப்போலியில் இறங்கி, பெனவெந்தோ வழியாகப் புகையிரதத்தில் போஜ்ஜாவுக்குப் போய், அங்கிருந்து லூச்சேராவுக்குப் போனோம். அமைதியான, அழகான சிறிய நகரம். மேட்டிலே 900 மீற்றர் சுற்றளவுள்ள கோட்டை மதில். அது முதலாம் சார்ல்ஸ் கட்டியது. நகர நடுவிலே பேராலயம். அது 1300இல் விற்பனைக்குப் பிறகு இரண்டாம் சார்ல்ஸ் தொடங்கியது. சிசிலியிலிருந்து வந்தவர்களுடையது என்று சொல்ல நம் கண்ணுக்கு நிற்பது ஒன்றுமில்லை. வெயிலில் நடந்து களைத்த மருமகன் மதிலில் சாய்ந்துகொண்டு கேட்டான்:

"என்ன மாமா, இவ்வளவு தூரம் வந்து பார்க்கிறதுக்கு ஒண்டுமே இல்லையே?"

"ஒண்டுமில்லாததப் பார்க்கத்தான் மகன் வந்த" என்றேன்.

நாம் எழுத வேண்டியது

பலெர்மோ பேராலயத்தின் தெற்கு வாசலில் ஒரு தூணில் அல்-அஃராப் அத்தியாயத்தின் வசனமொன்று செதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான பயணிகள் அதைத் தாண்டி உள்ளே போகிறார்கள். உள்ளே ரொஜரும் பிரெடெரிக்கும் அடக்கமாகியிருக்கிறார்கள். கட்டிடங்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. கூரை, போர்வை, தூண், சொல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்றால் பதில் லூச்சேராவில் இருக்கிறது.

மன்னர்கள் நமக்குச் செய்த உபகாரங்களை நம் வரலாற்று நூல்கள் நிறையச் சொல்கின்றன. இத்ரீஸியின் பதினாறு அமைச்சர்கள், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்டவர்களைச் செனரத் மன்னன் கிழக்கிலே குடியேற்றியது, அரச வைத்தியர்களாக இருந்த நம்மவர்கள். நன்றி மறப்பது நமக்கு அழகல்ல. ஆனால் ஒருவரின் தயவு அவரது ஆயுசோடு முடிகிறது. அவரது கடனும் அவரது எதிரியும் அதை முன்கூட்டியே முடிக்கலாம். தயவின் பட்டியலை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், பாதுகாப்பு அங்கிருந்துதான் வரும் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சிசிலிக்காரர்களும் அப்படி நினைத்துத்தான் ஆயுதத்தையும் கொடுத்தார்கள், வில்லையும் பிடித்தார்கள்.

மொன்றியாலேயின் தோற்சுவடிகளை நான் மறக்கவில்லை. அவை எழுதப்பட்டது ஆட்களைக் கணக்கெடுத்து ஒப்படைக்க. ஆனாலும் அந்த விவசாயிகளின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது அவற்றால்தான். இத்ரீஸியின் நூலில் அந்தப் பெயர்கள் இல்லை. நம் ஊர்களில் பழைய கடுத்தங்கள், பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், காணி உறுதிகள், மையவாடிப் பதிவுகள் அலுமாரிகளிலும் பெட்டிகளிலும் கிடந்து கறையானுக்குப் போகின்றன. யார் எந்த நிலத்தில், என்ன தொழிலோடு, எத்தனை தலைமுறையாக இருந்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. உரிமை என்று பேச வரும் நாளில் அமைச்சர்களின் தொகையை எவரும் கேட்க மாட்டார்கள். காணி உறுதியைத்தான் கேட்பார்கள். இதை வாசிப்பவர்களில் ஒருவராவது தம் ஊர்ப் பள்ளியின் பழைய அலுமாரியைத் திறந்து பார்த்தால் இந்தப் பயணக் காசு வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நான் எங்கள் ஊரில் தொடங்கிவிட்டேன். முதல் புத்தகத்தின் முன்பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மீதியைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.